நார்மல் குள்ளம்மாள்

பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதையன் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் கீமேன் வேலை. முப்பது வருடம் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தின் மேல் நடந்து, கழன்றதையெல்லாம் முடுக்கிவிட்டு ஓய்வு பெற்றார். அதற்கு நாலாம் வருடம் அவருடைய ஞாபகம் கழல ஆரம்பித்தது. முதலில் செருப்பு விட்ட இடம் மறந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்தது. போன ஆடியில் ஒருநாள் காலை, டீ கொண்டுவந்து வைத்த மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு எந்தூருங்க?" என்று கேட்டார்.

குள்ளம்மாளை அவர் முப்பத்தாறு வருடமாக "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஒருநாளாவது மரியாதையாகப் பேச மாட்டாரா என்று கல்யாணமான புதிதில் அவள் ஏங்கியதுண்டு. இப்போது நாள் முழுக்க "வாங்க, உக்காருங்க" என்றார். அவள் சாமந்தித் தோட்டத்துக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, போனதற்குப் பூவும் பறித்துக்கொண்டு வந்தாள்.

தர்மபுரியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், போனதைத் திருப்பித் தராது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். உண்மையைச் சொன்னதால் அவர்மேல் குள்ளம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் நல்லம்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் புது ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறந்திருப்பதாகவும், அங்கே மூளைக்குள் புதிய நியூரான்களையே முளைக்க வைக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டாள். முளைப்பது என்ற சொல் விவசாயிக்குப் புரிகிற சொல். மாதையனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பிரபாகர். சேர்க்கை நாளன்று எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாவட்டத்தில் மாம்பழம் வளர்த்தோம். மரவள்ளி வளர்த்தோம். இனி நியூரான் வளர்க்கப் போகிறோம். சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு மூளையில் புது நியூரான்கள் முளைத்தன. கூண்டில் புதுப்புது பொம்மைகள் போட்டதும் இன்னும் முளைத்தன. எலிக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என்று பார்க்கிற நிலையம் அல்ல இது. எலிக்கு என்ன செய்தோமோ அதை ஒன்றுவிடாமல் உங்களுக்கும் செய்வோம்."

கூட்டம் கைதட்டியது. மாதையனும் தட்டினார். யார் கைதட்டினாலும் அவர் தட்டுவார்.

பிரபாகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் இரண்டு மணி நேரம் நோயாளிகள் ட்ரெட்மில்லில் நடந்தார்கள். பிறகு கலர் பந்துகளும் கிலுகிலுப்பையும் போட்ட ஓர் அறையில் அவர்களை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மதியம் பலகைத் தடுப்புகள் வைத்த சந்துபொந்துகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்குக் கடைசியில் ஒரு கேழ்வரகு உருண்டை. ட்ரெட்மில்லில் மட்டும் மாதையன் கெட்டிக்காரராக இருந்தார். முப்பது வருடம் நடந்த கால்கள் அவை. நடக்கும்போது குனிந்து குனிந்து பார்த்து, "எங்கியும் லூசு இல்லீங்க" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தகவல் சொன்னார்.

நிலையத்தின் கண்காணிப்பாளர் முருகேஷ், இதற்கு முன் ஒரு மரக்கன்று திட்டத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பழகிய படிவத்தை விட மனமில்லாமல் அதையே இங்கும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு நோயாளி பெயருக்கும் நேராக 'நட்டது', 'பிழைத்தது', 'பட்டுப்போனது' என்று மூன்று கட்டங்கள். மாதையனுக்கு நட்டது நாற்பதாயிரம், பிழைத்தது முப்பத்தொன்பதாயிரம் என்று எழுதியிருந்ததைக் குள்ளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நாத்து வுட்டாக்கூட இவ்ளோ பொழைக்காதுங்களே" என்றாள்.

"இது அரசாங்க நாத்தும்மா" என்றார் முருகேஷ்.

நிலையத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதையொட்டிய, நல்ல ஞாபகமுள்ள ஒருவர் ஜோடியாக வேண்டும். நோயாளி எவ்வளவு தேறுகிறார் என்று அளக்க அளவுகோல் மாதிரி. அந்த நபருக்கு 'நார்மல்' என்று பெயர். மாதையனுக்கு நார்மலாகக் குள்ளம்மாள் கையெழுத்துப் போட்டாள். நார்மல்கள் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பதால் அவள் தினமும் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரை வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மாதம் ஒருமுறை கலைமணி என்ற உதவி ஆராய்ச்சியாளர் பெண் இரண்டு பேரையும் தனித்தனியே உட்கார வைத்து முப்பது கேள்வி கேட்பாள். இன்று என்ன கிழமை, இது எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு. மயில், சாவி, குடை என்று மூன்று சொல் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பாள். குள்ளம்மாள் முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கினாள். மாதையன் ஏழு.

அடுத்த மாதமும் ஏழு. அதற்கடுத்த மாதம் ஆறு. பிறகு மறுபடி ஏழு. மற்ற நோயாளிகளும் அப்படித்தான். இதற்குள் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. பிரபாகர் கூட்டம் போட்டார். அந்தக் கூட்டத்தில் தேநீர் கொடுத்த பெண் பிறகு வாசலில் வந்து சொன்னதால்தான் நமக்கு விவரம் தெரியும்.

"திட்ட அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் பிரபாகர்.

முருகேஷ் வாசித்தார். "நோயாளிக்கும் நார்மலுக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளியைப் பாதியாகக் குறைத்தல்."

"குறைக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது? யார் நகர வேண்டும் என்று இருக்கிறதா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் என்ன? எட்டு மாதமாக நோயாளியையே இழுத்துக்கொண்டிருக்கிறோம். நார்மல் பக்கம் யாராவது ஒரு அடி எடுத்து வைத்தார்களா? விஞ்ஞானம் என்பது இரண்டு பக்கமும் பார்ப்பது."

அந்த மாதம் இரண்டு வினாத்தாள்கள் வந்தன. இரண்டிலும் பிரபாகரின் கையெழுத்து. நோயாளிக்கான தாளில் 'உங்களுக்குக் காது இரண்டா?', 'இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களா?' என்ற மாதிரிக் கேள்விகள். மாதையன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். இருபத்திரண்டு. நார்மலுக்கான தாளில் பழைய கேள்வி ஐந்துதான் இருந்தது. மற்ற இருபத்தைந்தும் நிலையத்தைப் பற்றியவை. முதல் மாடிக்கு எத்தனை படி, ட்ரெட்மில் அறையின் கதவு என்ன நிறம், மேல்மாடியில் எத்தனை ஜன்னல். வாசலைத் தாண்டாத குள்ளம்மாளுக்குப் பழைய ஐந்து தெரிந்தது. ஜோடியின் பெயர், பெருக்குகிற அம்மாவின் பெயர், நோயாளிகள் ஐந்து பேர் பெயர், இந்த மூன்றும் தெரிந்தது. மொத்தம் எட்டு.

"என்னாம்மா இது, புதுசா இருக்குது?" என்று கேட்டாள். கலைமணி தலையைத் தூக்காமல் தாளில் எட்டு என்று எழுதினாள்.

பத்து நாளில் விழா எடுத்தார்கள். மாதையனுக்குச் சந்தன மாலை போட்டு, "இவர் என் உடன்பிறந்த சகோதரர் மாதிரி. எட்டு மாதமாக இவரை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன்" என்றார் பிரபாகர். குள்ளம்மாளிடம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். 'உங்களுக்கு ஞாபகமறதி வந்துள்ளது. பயப்பட வேண்டாம்' என்று அதில் அச்சடித்திருந்தது.

அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் முருகேஷ் கூப்பிட்டுச் சொன்ன செய்திதான் அவளை எழுந்து நிற்க வைத்தது. முன்னேற்றம் கண்ட மாதையனை அடுத்த கட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, ஆய்வுக் குழுவின் கண்முன்னாலேயே, காதுக்கு மேலே மண்டையில் சின்னதாக ஒரு துளை போட்டு, நியூரான் வளர்க்கும் திரவத்தை உள்ளே விடப்போகிறார்கள்.

"சொட்டுநீர்ப் பாசனம்தாம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் முருகேஷ். "எலிக்குப் போட்டாச்சு."

"எலி என்னாச்சுங்க?"

"அது பட்டுப்போனது கட்டத்துல இருக்கு."

"வேணாங்க" என்றாள் குள்ளம்மாள். "ஓட்டையெல்லாம் வேணாம். நா அவர வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறன்."

முருகேஷ் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டினார். "அம்மா, நீங்க எட்டு மார்க். பன்னெண்டுக்குக் கீழ போனா நோயாளி. நோயாளியோட ஆட்சேபணை செல்லாது."

"அப்ப அவரு சம்மதம் மட்டும் எப்பிடிங்க செல்லும்?"

"அவரு இருபத்திரெண்டு. நேத்தே கேட்டாச்சு. ஆகட்டுங்கன்னுட்டாரு."

"அவரு எதக் கேட்டாலும் ஆகட்டுங்கன்னுதானுங்க சொல்லுவாரு!"

"உங்க சார்பா உங்க காப்பாளர் எழுதிக் கொடுத்தா ஏத்துக்கலாம்."

"யாருங்க எனக்குக் காப்பாளரு?"

முருகேஷ் விரலை வைத்துக் காட்டினார். காப்பாளர்: மாதையன். உறவு: கணவர்.

குள்ளம்மாள் புருஷனிடம் திரும்பினாள். அவர் மாலையில் உதிர்ந்த சந்தன மணிகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார். "ஏங்க, எனக்காக ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"போடலாமுங்களே" என்றார் அவர் சந்தோஷமாக.

"இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?" என்று முருகேஷ் கேட்டார்.

மாதையன் அவளை நன்றாகப் பார்த்தார். உதவி செய்ய வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. "தெரியலீங்க. பாவம், தூரத்துலருந்து வந்துருக்காங்க போல" என்றார்.

உறவு தெரியாதவர் போடுகிற கையெழுத்து செல்லாது என்று முருகேஷ் பதிவேட்டை மூடினார். வெள்ளிக்கிழமை ஆளை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றும் சொல்லிவைத்தார். அன்று சாயங்காலம் நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்தில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குள்ளம்மாளிடம் கலைமணி ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்தக் கேள்விய நா எழுதலம்மா. என்ன மன்னிச்சிருங்க."

குள்ளம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். மாடு மிரளும்போதும் அப்படித்தான் பேசுவாள். "அழுவாத. நீ அழுதா அவரு மண்டைல ஓட்ட போடாம வுட்ருவாங்களா? நா நோயாளின்னா, எம்புருசனுக்கு இப்ப ஜோடி ஆரு?"

கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "யாரும் இல்லம்மா. ஜோடி இல்லாத நோயாளிய ஆய்வுக் குழு ஏத்துக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள புது நார்மல் ஒருத்தர் வேணும். அம்பத்தஞ்சுலருந்து அறுவத்தஞ்சுக்குள்ள வயசு. நோயாளிய ஆறு மாசமா தெரிஞ்சவரா இருக்கணும். முருகேஷ் சார் அதுக்குத்தான் ஆள் தேடறாரு."

"உங்க டைரக்டருக்கு என்னா வயசு?"

"அம்பத்தொம்போது."

"அதே கேள்வித்தாள்தான?"

கலைமணி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "சார் கையெழுத்துப் போட்டது. மாத்த முடியாது. அவரு அதப் படிச்சதே இல்லம்மா" என்றாள்.

மறுநாள் காலை குள்ளம்மாள் ஒரு கூடை சாமந்தியோடு இயக்குநரின் அறை வாசலில் நின்றாள். பூவைப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

"கும்புடறனுங்க. எம்புருசனுக்கு இருபத்திரெண்டு வாங்கிக் குடுத்தீங்க. நாந்தான் நார்மலா இருக்கத் துப்பில்லாம போயிட்டன். வெள்ளிக்கெழமை மெட்ராசுக்காரங்க வர்றப்ப, நார்மல்னா இப்பிடித்தான் இருக்கணும்னு காட்றதுக்கு இந்த ஜில்லாவுல உங்கள வுட்டா ஆருங்க இருக்காங்க?"

பிரபாகர் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநாளாக அவரே எண்ணியிருந்த ஒன்றை ஒரு நோயாளி வாயால் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. "முருகேஷ்," என்று கூப்பிட்டார், "நார்மலாக யாரைப் போட்டிருக்கிறீர்கள்?"

"இன்னும் யாரும் சிக்கலீங்க சார்."

"என் பெயரை எழுதுங்கள். ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. தலைவர் டாக்டர் சகாயமேரி அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவர். விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு "ஆரம்பிக்கலாம்" என்றார். மாதையனுக்குக் கேள்விகள் முடிந்தன. மறுபடியும் இருபத்திரண்டு. பிரபாகர் மேடைமேல் வந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கலைமணி தாளை எடுத்தாள்.

"இன்று என்ன தேதி சார்?"

"பி.ஏ.வைக் கேட்டால் சொல்வார்."

"மயில், சாவி, குடை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க." அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. பேசி முடித்தபோது மூன்று சொல்லும் போய்விட்டிருந்தது.

"தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு எத்தனை படி?"

"நான் லிஃப்டில் போகிறவன்."

"ட்ரெட்மில் அறையின் கதவு என்ன நிறம்?"

பிரபாகர் முருகேஷைப் பார்த்தார். முருகேஷ் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார். "உதவி கூடாது" என்றார் சகாயமேரி.

"இயக்குநர் அறையில் எத்தனை ஏ.சி.?"

"இரண்டு" என்றார் சட்டென்று. அது சரியான விடை.

"இங்கே பெருக்குபவரின் பெயர்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? யார் தயாரித்தது இந்தத் தாளை?"

கலைமணி தாளைத் திருப்பி அவர் கையெழுத்தைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "இங்குள்ள நோயாளிகள் ஐந்து பேரின் பெயர்களைச் சொல்லுங்கள்."

"அவர்களுக்கே அவர்கள் பெயர் தெரியாது. நான் எதற்கம்மா தெரிந்து வைத்திருக்க வேண்டும்?"

சகாயமேரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. உங்கள் ஜோடியாக எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயர்?"

பிரபாகர் தன் உடன்பிறந்த சகோதரரை உற்றுப் பார்த்தார். "மாதேஷ்? மாதப்பன்?" என்றார்.

மொத்தம் ஐந்து.

"வாழ்த்துகள்" என்றார் சகாயமேரி. "நோயாளி நார்மலைவிடப் பதினேழு அதிகம். இடைவெளி தலைகீழாகிவிட்டது. வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை."

கூட்டம் கைதட்டியது. பிரபாகரும் எழுந்து கும்பிட்டார். அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முருகேஷ், இருபது வருடப் பழக்கத்தில், பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார். பெயர் பிரபாகர். மதிப்பெண் ஐந்து. நிலை நோயாளி. காப்பாளர், ஜோடி நபர் மாதையன்.

மண்டை துளைக்கும் கருவியை ஓரமாகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். மாதையனை அழைத்துப் போக நர்ஸ் வந்தார். குள்ளம்மாள் எழுந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகமுங்க. இருபத்திரெண்டு வாங்குனவருக்கு எதுக்குங்க ஓட்ட? அஞ்சு வாங்குனவருக்கில்லீங்க அவசரம்?"

சகாயமேரி பக்கத்தைப் புரட்டினார். "விதி பதினொன்று. குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு முன்னுரிமை. சரியாகத்தான் கேட்கிறார்."

"நான் நார்மல்!" என்றார் பிரபாகர். "எனக்கு ஒன்றும் இல்லை!"

"எல்லாரும் அப்படித்தானுங்க சார் சொல்றாங்க" என்றார் முருகேஷ் எழுதியபடியே. "மறுப்பதே நோயின் முதல் அறிகுறின்னு நீங்கதானே சார் சுற்றறிக்கை விட்டீங்க."

"என் சம்மதம் இல்லாமல் யாரும் தொடக்கூடாது!"

"நோயாளி சம்மதம் தேவையில்லீங்க சார். காப்பாளர் போதும்." முருகேஷ் மாதையன் பக்கம் குனிந்தார். "ஐயா, இவருக்கு மண்டையில துளை போடலாமுங்களா?"

"ஆகட்டுங்க" என்றார் மாதையன்.

இரண்டு பேர் பிரபாகரை நாற்காலியோடு பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் ட்ரிம்மரை எடுத்து வலது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியை எடுத்தார். கருவியைச் சோதித்துப் பார்க்க ஒருவர் சுவிட்சைப் போட்டார். அது கரும்புச்சாறு மெஷின் மாதிரி இரைந்தது. குள்ளம்மாள் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். எட்டு மாதத்தில் நிலையத்துக்குள் அவள் நிம்மதியாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"கேள்வியே பொய்!" என்று கத்தினார் பிரபாகர். "மார்க்கே பொய்! ஒருத்தருக்கும் ஒன்றும் முளைக்கவில்லை!"

குள்ளம்மாள் கையைக் காதில் வைத்தாள். "என்னாங்க? மெஷின் சத்தத்துல கேக்கலீங்க. எழுதிக் குடுங்க."

சகாயமேரி கையை உயர்த்தினார். மெஷின் நின்றது. அவரே ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். தேர்வுகள் எல்லாம் நம்பத் தகாதவை, மதிப்பெண்கள் வேண்டுமென்றே மாற்றப்பட்டவை, துளை போடும் திட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று பிரபாகர் வேர்க்க வேர்க்க எழுதினார்.

"எம்பேரயும் எழுதுங்க. எனக்கு ஞாபகமறதி இல்லன்னு எழுதுங்க. அவரு பேரயும் எழுதுங்க" என்றாள் குள்ளம்மாள். "பேரு தெரியுமில்லீங்க?"

பிரபாகர் நிமிர்ந்து பார்த்தார். "குள்ளம்மாள்," என்றார். "மாதையன்."

அந்த நிலையத்தில் புதிதாக ஒரு நியூரான் முளைத்ததற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

நோயாளியின் கையெழுத்து செல்லாது என்று முருகேஷ் நினைவூட்டினார். சகாயமேரி கீழே தன் கையெழுத்தையும் போட்டுத் தாளைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் நிலையத்தைப் பூட்டினார்கள். முருகேஷ் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மீன் குஞ்சு வளர்ப்புத் திட்டத்துக்குப் போனார்.

மாதையனுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. தர்மபுரி டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டார். நான் யாரென்று கேட்டுக் கேட்டு அவரை வதைப்பதைக் குள்ளம்மாள் விட்டுவிட்டாள். காலையில் இருவரும் தோட்டத்து வரப்பைச் சுற்றி நடந்தார்கள். சில நாள் அவர், "எங்க வூட்டுல ஒரு பொம்பள இருக்கா, பூவு நல்லா பறிப்பா" என்று அவளிடமே சொன்னார். அவள் "அப்பிடீங்களா" என்று கேட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தர்மபுரியில் விசாரணை நடந்தது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த பிரபாகர் காதுக்கு மேலே அரைகுறையாக முளைத்த முடியோடு வந்து உட்கார்ந்தார். விசாரணை அதிகாரி நாற்பத்தொரு கேள்விகள் கேட்டார். வினாத்தாளை மாற்றச் சொன்னது யார்? எலி எப்போது செத்தது? துளை போட அனுமதி யார் கொடுத்தார்கள்? பிரபாகர், வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி, நாற்பத்தொரு தடவையும் "ஞாபகம் இல்லை" என்றார்.

பிறகு, பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குள்ளம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டே சொன்னாள். எந்தத் தேதியில் சேர்ந்தது, அன்று மைக்கில் என்ன பேசினார், எந்த மாதம் எத்தனை மார்க்கு, எந்தக் கிழமை மாலை போட்டார்கள், பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் முருகேஷ் விரலை வைத்துக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதிகாரி எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டார்.

"இதையெல்லாம் குறிச்சு வச்சிருந்தீங்களாம்மா?"

"இல்லீங்க. எங்க வூட்டுல ரெண்டு பேத்துக்கும் சேத்து நா ஒருத்திதான ஞாபகம் வெச்சிருக்கணும்."

அதிகாரி பேனாவை மூடினார். குள்ளம்மாள் போகவில்லை. பிரபாகரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவருக்கு மறந்துபோன நாப்பத்தொண்ணும் எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "ஒண்ணாம் கேள்வியிலருந்து சொல்லட்டுங்களா?"

அதிகாரி புதுத் தாள் எடுத்தார்.